வெள்ளிப் பசையும் உன் அப்பாவின் பற்றாசும்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது, பிந்தியதற்கு ஏசாதே. வெள்ளவத்தையில் எல்லாரும் சுகம். இப்போது என்ன வேலை என்று கேட்டிருந்தாய். வெள்ளி பூசி சிப் ஒட்டுகிறேன். சிரிக்காதே.

செட்டியார் தெருவில் உன் அப்பா நகைத் துண்டுகளை உருக்கி ஒட்டப் பற்றாசு வைக்கும்போது பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்போமே, அது நகையை விடக் குறைந்த சூட்டில் உருக வேண்டும், இல்லாவிட்டால் நகையே போய்விடும் என்பார். சிப்பை ஒட்டும் ஈயமில்லாத சோல்டரும் அதே கதைதான், 217 பாகை செல்சியஸளவில் உருகிவிடும். ஆனால் மின்காரின் மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் இன்வேட்டர்களில் இப்போது வரும் சிலிக்கன் காபைட் சிப் 200 பாகைக்கு மேலேயும் வேலை செய்யக்கூடியது. சிப் தாங்கும், அதைப் பிடித்திருக்கிற ஒட்டு தாங்காது.

அதனால்தான் சோல்டருக்குப் பதில் வெள்ளிப் பசை. இதில் வெள்ளி உருகுவதே இல்லை, அதுதான் விசயம். கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள், முன்கூட்டியே ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அவற்றின் மேல் ஒரு மெல்லிய பூச்சு, கொஞ்சம் கரைப்பான். 250 பாகையளவில் வைத்தால் பூச்சு கழன்றுபோக, துகள்கள் தொடுகிற இடத்தில் அணுக்கள் நகர்ந்து கழுத்து மாதிரி ஒரு இணைப்பு வளர்ந்து எல்லாம் ஒரே துண்டாகிவிடும். துகள் பருமனென்றால் மேலிருந்து அழுத்தவும் வேண்டும். முடிந்தபின் அது வெறும் வெள்ளி, 961 பாகை வரை உருகாது! உன் அப்பாவுக்குச் சொன்னால் நம்பியிருக்கமாட்டார்.

சரி, என் மடத்தனத்தையும் கேள். போன மாதம் அவசரப்பட்டு, மெதுவாக உலர விடாமல் சூட்டை ஒரேயடியாக ஏற்றிவிட்டேன். மேல் காய்ந்துவிட்டது, உள்ளே கரைப்பான் வெளியேற வழியில்லை. ஆறியபின் நகத்தால் தட்டினேன், சிப் பொசுக்கென்று கழன்று கையில் வந்தது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அப்பத்தின் நடுப்பகுதி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. நல்ல ஒட்டென்றால் பிய்த்தாலும் இரண்டு பக்கமும் வெள்ளி ஒட்டியிருக்கும், இதில் ஒரு பக்கம் துடைத்துவிட்ட மாதிரிப் பளபளவென்று கிடந்தது.

இப்போது மேலிடம் செம்புப் பசைக்கு மாறச் சொல்கிறது, வெள்ளி விலைக்குப் பயம். செம்பு மலிவுதான், ஆனால் காற்றுப் பட்டதும் கறுக்கும், நைதரசனோ போமிக் அமில ஆவியோ இல்லாமல் சூடாக்கவே முடியாது. எனக்கு விருப்பமில்லை.

மற்றது, அப்பாவின் அந்தப் நெருப்பு ஊதும் பித்தளை ஊதுகுழல் உன்னிடம் இருக்கிறதா? வரும்போது கொண்டுவா, என் மேசையில் வைக்கவேண்டும்.

உன் மச்சான்