உடைக்கவில்லை, சாப்பு குத்தினார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை மூக்குக்கண்ணாடி இல்லாததால் தவறாகப் படித்துவிட்டேனோ என்று நினைத்தேன். இல்லை. ஜப்பானியர் மலாயாவுக்குள் வந்ததும் போஸ்டாபீஸ் சாமான்கள் அத்தனையையும் உடைத்துப் போட்டார்கள், மூன்றரை ஆண்டு தபாலே கிடையாது என்றுதான் அச்சாகியிருக்கிறது.

என் அப்பா அப்போது பேராக்கில் ஒரு சின்ன ஊர் போஸ்டாபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. இல்லாத தபாலுக்கு அவர் மூன்றரை ஆண்டு என்ன வேலை பார்த்தார் என்று கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

ஜப்பான்காரனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. என் பெரியப்பா அவன் சயாமில், இன்றைய தாய்லாந்தில், போட்ட ரயில் பாதை வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. ஆனால் போஸ்டாபீஸ் சாமானை அவன் ஏன் உடைக்கப் போகிறான்? அவனுக்கு அது வேண்டியிருந்தது. ஆறாம் ஜார்ஜ் தலையும் சுல்தான் தலையும் போட்ட பழைய ஸ்டாம்புகளையே எடுத்து, மேலே தன் சாப்பை, அதாவது முத்திரையை, குத்தி விற்றான். பினாங்கில் ஒக்குகாவா, உச்சிபோரி என்ற இரண்டு அதிகாரிகளின் முத்திரை. மலாக்காவில் ஒரே பெரிய சிவப்புச் சாப்பு நான்கு ஸ்டாம்புகளின் மேல் சேர்ந்து விழும். ஒன்றைக் கிழித்தெடுத்தால் கால்வாசிதான் கையில் வரும். அப்புறம் 'டாய் நிப்பான் 2602 மலாயா' என்று அச்சடித்தார்கள். 2602 என்பது அவர்கள் கணக்கில் 1942. சிங்கப்பூரில் பெரிய போஸ்டாபீஸ் இருந்த ஃபுல்லர்டன் கட்டடத்தில் ராணுவ நிர்வாகமே குடியேறியது. உடைக்க வந்தவன் அங்கேயே மேசை போட்டு உட்காருவானா?

இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. தங்கள் இதழிலேயே முன்பு தபால்தலைப் பகுதி வந்துகொண்டிருந்ததே. அதை நிறுத்திவிட்டு ராசிபலனை இரண்டு பக்கமாக்கியபோதே எழுத நினைத்தேன், என் ராசிக்கு அந்த வாரம் 'வாக்குவாதம் தவிர்க்கவும்' என்றிருந்ததால் விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் போஸ்டாபீஸில் சாமான் போகாமலும் இல்லை. வெள்ளைக்காரன் ஓடி, ஜப்பான்காரன் வந்து சேராத இடைப்பட்ட நாட்களில் நம் ஊர்க்காரர்களே புகுந்து அள்ளினார்கள். கடிதம் நிறுக்கும் தராசு பிறகு சந்தையில் புகையிலை நிறுத்துக்கொண்டிருந்ததாம். அப்பா அதை அடையாளம் கண்டும் வாய் திறக்கவில்லை. தேதி முத்திரை மட்டும் தப்பியது. அதைத் தின்னவும் முடியாது, விற்கவும் முடியாது.

அந்த முத்திரையை ஊராருக்கெல்லாம் குத்திக்கொண்டிருந்த மனிதர், தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருந்த தன் அம்மாவுக்கு ஒரு கார்டு போட முடியவில்லை. 1946இல் இவர் கடிதம் போய்ச் சேர்ந்தபோது அங்கே இவருக்குக் காரியமே செய்து முடித்திருந்தார்கள். தபாலே இல்லை என்று எழுதுகிறவருக்கு எந்தத் தபால் இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

நானும் 34 ஆண்டு அஞ்சல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். போன தீபாவளிக்கு எனக்கு வந்த வாழ்த்து அட்டையில் ஸ்டாம்பின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் குறுக்கே ஒரு கோடு. முத்திரை எங்கே என்று கவுன்டரில் கேட்டேன். அந்தப் பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தது. ஜப்பான்காரன்கூட ஒழுங்காகக் குத்தினானய்யா!

சரி. தவறைத் திருத்தி ஏதாவது ஒரு மூலையில் இரண்டு வரி போட்டால் போதும். அப்படியே, மூன்று ஆண்டுக்கு முன் தங்கள் சிறப்பிதழுக்காக நான் அனுப்பிய, அப்பா குத்திய 2602 முத்திரையுள்ள உறையையும் திருப்பி அனுப்ப வேண்டுகிறேன். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கான ஸ்டாம்பு அப்போதே உள்ளே வைத்திருந்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் கிராணி,
ஈப்போ