ஜன்னலுக்குக் கீழே இருந்த ரேடியேட்டர்

அன்புள்ள மீனுவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான். இரண்டு ஞாயிறாக நீ பேசவில்லை. வேலை இருக்கும். லண்டனில் ஒரு கட்டடத்தையே கட்டி மேய்ப்பவளுக்கு ஞாயிறு ஏது என்று எதிர்வீட்டு மாமியிடம் பெருமையாகத்தான் சொல்லிவைத்தேன். ஆனாலும் ஒரு வரி மெசேஜ் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? வேளைக்குச் சாப்பிடு. ராத்திரியில் மிஷின்கள் ஓடும் அந்த பிளான்ட் ரூமுக்குத் தனியாகப் போகாதே.

நேற்று அம்மாவுக்கு சியோல் டெக்னோ மார்ட் கதையைச் சொன்னேன். 2011 ஜூலையில் 39 மாடிக் கட்டடம் 10 நிமிஷம் ஆடி, நூற்றுக்கணக்கானவர்கள் இறங்கி ஓடினார்களே, அதை. நிலநடுக்கமும் இல்லை, அஸ்திவாரக் கோளாறும் இல்லை. 12வது மாடி ஜிம்மில் 17 பேர் தாளத்துக்குக் குதித்தது கட்டடத்தின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போய்விட்டது. மறுபடி 17 பேரைக் குதிக்கவைத்துப் பார்த்தல்லவா நம்பினார்கள்! ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளினால் ஒரு விரல் போதும் என்றேன். அம்மா சிரிக்கவில்லை. "மேலே இருந்தவங்க ஓடியிருக்காங்க. குதிச்சவங்களுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதோ?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். உங்கள் ஊர் வாக்கி டாக்கி கட்டடத்தின் வளைந்த கண்ணாடி 2013ல் வெயிலைக் குவித்து ஜாகுவார் காரின் பாகங்களை உருக்கியது, அந்தச் சூட்டில் ஒரு நிருபர் முட்டை பொரித்தது, எல்லாம் அடுத்துச் சொல்ல வைத்திருந்தேன். வாய்க்கவில்லை.

போன வீடியோ காலில் உனக்குப் பின்னால், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் கதவோரம் இருந்தது. உங்கள் வீட்டில் அது ஜன்னலுக்குக் கீழே. 31 வருஷம் கட்டடம் பார்த்த கண், வேறெங்கே போகும்? வீடு மாற்றியிருந்தால் விலாசம் அனுப்பு, அவ்வளவுதான். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். முடிந்தால்.

மவுன்ட் ரோடு ஆபீஸில் நான் மாட்டிய தெர்மோஸ்டாட், ஏசிக் குளிரைக் கூட்டிக் குறைக்கும் டப்பா, ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில் அந்தக் கதையைத்தானே திரும்பத் திரும்பக் கேட்பாய். அக்கவுன்ட்ஸில் ஒருவருக்குக் குளிரும், பக்கத்து சீட்டுக்கு வியர்க்கும். எல்லோருக்கும் ஒரே ஏசி பிளான்ட், நான் என்ன செய்ய? பழைய தெர்மோஸ்டாட் டப்பா ஒன்றை ஒயரே கொடுக்காமல் சுவரில் முடுக்கிவிட்டேன். அவர் வந்து திருகுவார், "இப்பத்தான்யா நல்லாருக்கு" என்பார். புகார் நின்றது. அமெரிக்க ஆபீஸ்களிலும் இதே வித்தை உண்டென்று நீ சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

தீபாவளிக்கு முந்தின ராத்திரி போன் செய்து, "அப்பா, கொஞ்ச நாள் அங்கே வந்து இருக்கட்டுமா?" என்றாய். "எல்லாம் சரியாயிடும்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்றேன். நீயும் "சரிப்பா" என்றாய். புகார் நின்றது என்று நினைத்துத் தூங்கப் போனேன், மீனு. ஒயர் இல்லாத டப்பா. உனக்கும் அதைத்தான் மாட்டினேன்.

மாடி அறை ஒழுகலைச் சரிசெய்தாயிற்று. ஏசிக்குத் தனி லைன் இழுத்து, ஓட்டியும் பார்த்துவிட்டேன். அம்மா உன் புத்தகங்களை வெயிலில் காயவைத்து அடுக்கியிருக்கிறாள். வேளைக்குச் சாப்பிடு. பிளான்ட் ரூமுக்கு ராத்திரியில் தனியாகப் போகாதே.

அப்பா