பாந்தியோனின் பக்கச் சுவர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பாரிஸ் பாந்தியோன் உள்ளே இருட்டாக, கல்லறை மாதிரி இருந்தது, பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். நீ சொன்னது சரிதான். ஆனால் அந்த இருட்டுக்கு அதைக் கட்டிய சூஃப்லோ காரணமில்லை. அவருக்காக நான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

1744இல் பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயி கடும் நோயில் விழுந்தபோது, பிழைத்தால் பாரிஸின் காவல் புனிதரான ஜெனிவீவுக்குப் புதுத் தேவாலயம் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். அதுதான் இன்றைய பாந்தியோன். வேலை சூஃப்லோவிடம் வந்தது. அவர் அதற்கு முன்பே இத்தாலிக்குப் போய், பேஸ்டத்தின் பழைய கிரேக்கக் கோயில்களை நேரில் பார்த்து வரைந்து வந்தவர். பழமையை அப்படியே நகல் எடுப்பது அவர் ஆசை இல்லை. வெளியே கிரேக்கக் கம்பீரம், உள்ளே இடைக்கால ஐரோப்பாவின் கோதிக் பாணித் தேவாலயங்களின் மெலிவும் வெளிச்சமும். இரண்டும் ஒரே கட்டடத்தில் வேண்டும் என்றார். எத்தனை பெரிய துணிச்சல்!

முகப்பு மண்டபத்தின் தூண்களுக்கு மேலே உள்ள உத்தரத்தை அண்ணாந்து பார். கிரேக்கர்கள் தூணுக்குத் தூண் ஒரே நீளக் கல்லை வைத்தார்கள். இங்கே இடைவெளி அதிகம் என்பதால், ஆப்பு வடிவத்தில் செதுக்கிய பல கற்களைச் சேர்த்து, உள்ளே இரும்புக் கம்பிகளைப் புதைத்துப் பிடித்திருக்கிறார்கள். இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் வருவதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்பே இந்த யோசனை! பிற்காலத்தில் அந்த இரும்பு துருப்பிடித்து உப்பிக் கல்லையே பிளந்தது என்பது வேறு விஷயம்.

குவிமாடத்தைத் தாங்கும் தூண்கள் இவ்வளவு ஒல்லியாக இருந்தால் நிற்காது என்று 1770இல் பியேர் பாத் என்ற கட்டடக் கலைஞர் எழுதினார். விரிசலும் விட்டது. 1780இல் சூஃப்லோ இறந்தபோது குவிமாடம் முடிந்திருக்கவில்லை. அவருடைய மாணவர் ரோந்தலே முடித்தார், பிறகு அந்தத் தூண்களைப் பருமனாக்கினார்.

அப்புறம் பிரெஞ்சுப் புரட்சி. 1791இல் தேவாலயம் தேசத் தலைவர்களின் நினைவிடமானது. கத்ரமேர் தெ கன்சி என்பவர், இறந்தோருக்கான இடம் அமைதியாகத் தெரிய வேண்டும் என்று கீழ்வரிசை ஜன்னல்களைக் கல் வைத்து அடைத்துவிட்டார். அந்த முடிவை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. சூஃப்லோ கட்டியதே அந்த வெளிச்சத்துக்காகத்தானே!

மறுபடி போகும்போது பக்கவாட்டில் நடந்து பார். வெறும் சுவர்தானே என்று தோன்றும். கொஞ்சம் நின்று கவனித்தால், அடைத்த ஜன்னல்களின் விளிம்புக்கோடுகள் கல்லில் தெரியும். முகப்பைப் போட்டோ எடுக்க வேண்டாம், அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. எனக்கு அந்தச் சுவரை எடுத்து அனுப்பு.

குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போ. அம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா