சொல்கிற விலையும் விற்கிற விலையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டெல்டா மாவட்டங்களில் வீட்டுமனைச் சந்தை வலுவாக இருக்கிறது, வீட்டில் பணம் போட இதுதான் சமயம் என்று சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் இருப்பதெல்லாம் சொல்கிற விலை. விற்ற விலை ஒன்றுகூட இல்லை.

நான் மயிலாடுதுறைக்காரன். 2020-இல் எங்கள் ஊர் தனி மாவட்டத்தின் தலைநகரானது. ஆட்சியர் அலுவலகம் மன்னம்பந்தலில் என்றானதும், அந்தப் பக்கம் மா, குழி என்று பேசிக்கொண்டிருந்த வயலைச் சதுர அடியில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு மா என்பது 33 சென்ட், கிட்டத்தட்ட 14,400 சதுர அடி. சதுர அடிக்கு நூறு ரூபாய் கூட்டிச் சொன்னால் மாவுக்குப் பதினான்கு லட்சம் ஏறிவிடுகிறது, வாயாலேயே!

என் மைத்துனர் தன் மகனோடு பெங்களூரு போய்விட்டார். அவருடைய வீட்டுச் சாவி பதினான்கு மாதமாக என்னிடம் இருக்கிறது. புரோக்கர் 62 லட்சம் போகும் என்றார். பார்க்க வந்தவர்கள் பதினோரு பேர். அதிகம் கேட்டவர் 44 லட்சம் கேட்டார். ஒருவர் கிணறு தென்கிழக்கில் இருக்கிறது என்று வாசலோடு திரும்பினார். ஒரு காலத்தில் தெருவே அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தது. "இன்னும் ரெண்டு வருஷம் வச்சிருங்க சார், எழுபதுக்குப் போகும்" என்கிறார் புரோக்கர். அவருக்கென்ன!

சரி, விற்காவிட்டால் வாடகைக்கு விடலாமே என்பீர்கள். மாதம் 8,500-க்கு மேல் யாரும் தரமாட்டேன் என்கிறார்கள். வருடத்துக்கு 1,02,000. வீட்டை 50 லட்சம் என்று வைத்தாலே இரண்டு சதவீதம்தான் வருகிறது. அதே பணத்தை வங்கியில் போட்டால் அதைவிடக் கூடுதல் வட்டி. வாங்குபவர் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் கட்ட வேண்டும். பத்திரத்தில் 40 லட்சம் காட்டினால் 3,60,000 ரூபாய். மூன்றரை வருட வாடகை பத்திரச் செலவுக்கே சரியாகிவிடுகிறது. சொந்தமாகக் குடியிருக்க வாங்குபவருக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. முதலீடு என்று அழைத்துவருகிறவர்கள்தான் இதைச் சொல்ல வேண்டும்.

வாங்குவது யார் என்றும் பாருங்கள். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் உழைத்தவர்களின் பணம்தான் இங்கே பெரும்பாலும் வீடாக நிற்கிறது. எங்கள் தெருவில் புதிதாகக் கட்டிய ஒன்பது வீடுகளில் ராத்திரி விளக்கு எரிவது நான்கில். உள்ளூரில் சம்பளம் வாங்குகிறவன் இந்த விலைக்கு எப்படி வருவான்?

அப்புறம், கட்டுரை தொடவே தொடாத விஷயம் ஒன்று: அடிமனை. கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் எத்தனையோ தெருக்களில் கட்டடம் நம்முடையது, அடியில் இருக்கும் மண் கோயிலுடையது அல்லது மடத்துடையது. அந்த வீடுகளுக்கு வங்கிக் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. வயலில் கல் நட்டு விற்கும் மனைகளும் அப்படித்தான். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளை வரன்முறை செய்யும் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முன்பு போட்டவற்றுக்குத்தான். அதற்குப் பிறகு போட்டதை விலை குறைகிறதே என்று வாங்கிப்போட்டவர் வீடு கட்ட அனுமதி கேட்டுப் போகும்போதுதான் விஷயம் தெரியவரும்.

உங்கள் நிருபர் அடுத்த முறை புரோக்கர்களோடு நிறுத்தாமல், சமீபத்தில் வீடு விற்ற நான்கு பேரையாவது கேட்கட்டும். பத்திரத்தில் உண்மை விலையை யார் எழுதுகிறார்கள் என்று நீங்கள் கேட்பது புரிகிறது. எத்தனை மாதம் காத்திருந்து விற்றார்கள் என்பதையாவது கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயிலாடுதுறை.