அம்மா வீட்டில் அடி, வளர்ப்பு வீட்டில் மிரட்டல்: குழந்தைகள் நலக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

குழந்தைகள் நலக் குழு உறுப்பினர்களுக்கும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பணிபுரிபவர்களுக்கும் வணக்கம்.

பெற்றோரிடம் இப்போதைக்கு இருக்க முடியாத பிள்ளையை உங்கள் குழு வேறொரு குடும்பத்தில் தற்காலிகமாக ஒப்படைக்கிறதே, அந்த வளர்ப்புப் பராமரிப்பில் ஒரு பிள்ளையை வைத்திருப்பவள் நான். எங்களைத் தேர்வு செய்தபோது வருமானம், வீடு, உடல்நலம் எல்லாம் விசாரித்தார்கள். பிள்ளை பொய் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

குழந்தைகள் இல்லங்களைப் பற்றிச் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 82ஆம் பிரிவின்படி, ஒழுங்குபடுத்துகிறேன் என்று அங்கே பிள்ளையை அடித்தால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம். வீடு என்று வந்தால் 75ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் அது கொடுமைக்கானது. முதுகில் விழும் ஓர் அடிக்காக யார் அந்தப் பிரிவைத் தேடிப் போகப் போகிறார்கள்?

அடி மட்டுமா? "பேச்சு கேக்கலைன்னா ஹோமுக்கே அனுப்பிடுவேன்" என்று வளர்ப்புப் பெற்றோர் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். சொந்தப் பிள்ளைக்கு அது வெறும் கோபம் என்று தெரியும். ஏற்கெனவே ஒரு வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு அது நிஜமாகவே நடக்கக்கூடியது. சாப்பாட்டை நிறுத்துவதும் அப்படித்தான். பட்டினி பார்த்த பிள்ளை தலையணைக்கடியில் பிஸ்கட் ஒளித்து வைக்கும். நாம் அதற்குத் திருட்டுப் பட்டம் கட்டுகிறோம். எல்லாவற்றிலும் மோசம், "இந்தத் தடவை அம்மாவைப் பார்க்க முடியாது" என்பது. பெற்றோர் வந்து பார்ப்பதை 44ஆம் பிரிவு உங்கள் குழுவின் முடிவுக்கு விட்டிருக்கிறது. அதை நாங்கள் பிரம்பாக எடுக்கக் கூடாது.

பார்க்க வரும் அம்மாவோ, "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்கக்கா, நாலு போடுங்க" என்கிறார். அடியாத மாடு படியாது என்று கேட்டே வளர்ந்தவர், அவரைக் குறை சொல்லி என்ன? ஆனால் பிள்ளை நாளை அவரிடம்தானே போகப்போகிறது.

ஒப்படைக்கும் முன்பே இரு தரப்பையும் சேர்த்து உட்கார வையுங்கள். எதெல்லாம் கூடாது என்று எளிய தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாதாந்திர ஆய்வுக்கு வரும்போது பிள்ளையைத் தனியாக அழைத்து, "தப்பு செஞ்சா இங்க என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். எங்கள் முன்னால் கேட்டால் "ஆன்ட்டி நல்லா பாத்துக்கறாங்க" என்றுதான் பதில் வரும்.

அப்புறம், மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை சரி. பிள்ளை ராத்திரி தட்டை வீசியெறியும்போது, கை ஓங்குவதற்கு முன் கூப்பிட்டுப் பேச ஓர் ஆற்றுப்படுத்துநரின் (மன ஆலோசகரின்) எண்ணையும் கொடுங்கள். பெற்ற தாய்க்கும் அதே எண்ணைக் கொடுங்கள். பிள்ளை திரும்பிப் போன முதல் மாதங்களில் அவருக்குத்தான் அது அதிகம் தேவைப்படும்.

இப்படிக்கு,
ஒரு வளர்ப்புத் தாய்