அம்மாவின் வாய் ஆறிவிட்டது: நன்றி மடல்

ஆரையம்பதியிலிருந்து எழுதுகிறேன். வெறுஞ்சோறே வாயில் எரியுது என்று இரண்டு மாதம் தட்டைத் தள்ளி வைத்த என் அம்மா, இன்று காலை மாசிச் சம்பலோடு புட்டுச் சாப்பிட்டார். அதற்குக் காரணமானவர்களுக்கு இந்த மடல்.

அம்மாவுக்கு 67 வயது. சீனி வருத்தம் வந்து 15 வருடம். மேல்வாய்க்குப் பல்செட் போட்டிருக்கிறார். நாக்கிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் வெள்ளை படர்ந்தபோது சூடு என்று நினைத்தோம். ஒரு கடையில் விற்றமின் குளிசை தந்தார்கள். நான் தேன் தடவினேன். அதை நினைத்தால் இப்போதும் மனது சுடுகிறது.

பல் கிளினிக் டொக்டருக்கு முதல் நன்றி. சிறு துணித்துண்டால் கன்னத்து வெள்ளையைத் துடைத்துக் காட்டினீர்கள். தயிராடை போலக் கழன்று வந்தது. அடியில் சிவந்த சதை, ஒரு பொட்டு இரத்தம். பல்செட்டைக் கழட்டினால் அதே அளவுக்கு அண்ணம் முழுக்கச் சிவப்பு. "ராவைக்கு இதைக் கழட்டி வைக்கிறீங்களாம்மா?" என்று கேட்டீர்கள். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. "அவர் முன்னால பொக்கை வாயோட இருக்க வெட்கம் மகள். மறுகா அப்படியே பழகிப்போச்சு" என்றார் அம்மா. அப்பா போய் ஆறு வருடம். நீங்கள் சிரிக்கவில்லை, அம்மாவின் கையைப் பிடித்தீர்கள்.

கன்டிடா என்ற பூஞ்சை பலருடைய வாயில் சும்மா இருப்பதுதான், அதை அடக்கி வைப்பது உமிழ்நீர் என்று விளக்கினீர்கள். ஒரு நாளைக்கு அரை லீற்றரிலிருந்து ஒன்றரை லீற்றர் வரை சுரந்து வாயைக் கழுவுகிறது. அதிலுள்ள புரதங்களில் ஹிஸ்டாடின் பூஞ்சையைக் கொல்லும், லாக்டோஃபெரின் அதற்கு இரும்புச்சத்துக் கிடைக்காமல் பிடித்து வைக்கும், ஐஜிஏ அதை ஒட்ட விடாது. சீனி கூடினால் வாய் காய்கிறது, இருக்கிற கொஞ்ச உமிழ்நீரிலும் சீனி ஏறுகிறது, வெள்ளை அணுக்களும் சோர்கின்றன. பல்செட்டுக்கு அடியிலோ உமிழ்நீர் சரியாகப் போவதே இல்லை. "என்ட துப்பலுக்குள்ள இவ்வளவு காவலா!" என்று அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மருந்தகத் தம்பிக்கும் நன்றி. அம்மா கிளிக்லசைட் என்ற சீனிக் குளிசை குடிப்பதை முதலில் கேட்டறிந்து, சில பூஞ்சை மருந்துகள் அதோடு சேர்ந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம் என்று டொக்டரிடம் பேசி, நிஸ்டாட்டின் என்ற பூஞ்சை மருந்துத் துளிகள் தந்தார். நாளுக்கு 4 தடவை, உடனே விழுங்காமல் வாயில் வைத்திருக்க வேண்டும். குளோர்ஹெக்சிடின் வாய்கழுவியை அதே நேரத்தில் பாவிக்கக் கூடாது, மருந்து பலிக்காது என்று தாதி மிஸ் இரண்டு தரம் சொல்லி அனுப்பினார். இரண்டு கிழமையில் வெள்ளை போய்விட்டது. சீனிக் கிளினிக்கில் குளிசையை மாற்றியதில் 10.8 ஆக இருந்த எச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் அளவு, இப்போது 7.9.

காத்தான்குடி ஓட்டோ நானாவுக்கும் நன்றி. ஒவ்வொரு தடவையும் காத்திருந்தார், காத்திருந்ததற்குக் காசு வாங்கவே இல்லை.

பல்செட் இப்போது ராவில் அப்பாவின் படத்துக்குக் கீழே, தண்ணீர் டப்பாவில் இருக்கிறது. டொக்டர், அடுத்த கிளினிக் நாளில் அம்மா உங்களுக்குத் தயிர்ச்சட்டி கொண்டு வருவார். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
மகள்