விருது கொடுக்கும் முன் காப்பகத்தைத் திறந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகுட்டிக்காரத் தொழிலாளர்களுக்கு அனுசரணையாக நடக்கும் நிறுவனங்களுக்கு அரசு விருது தரலாமே என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நல்ல யோசனைதான். ஆனால் எதைப் பார்த்துக் கொடுப்பது?

திருப்பூர் பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடம் துணி செக்கிங் வேலை பார்த்தவள் நான். நான் இருந்த கம்பெனியிலும் குழந்தைகள் காப்பகம் இருந்தது. சுவரில் யானை, முயல் படம், இரண்டு தொட்டில், ஒரு மரக்குதிரை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வரும் நாளில் அறையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்துவார்கள். பக்கத்து லைன் வீடுகளிலிருந்து நாலு பிள்ளைகளைக் கூட்டி வந்து பிஸ்கட் கொடுத்து உட்காரவைப்பார்கள். மறுநாள் அட்டைப்பெட்டிகள் பழையபடி உள்ளே போய்விடும். என் மகளை ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் நான் ஒன்றரை ஷிப்டு பார்த்தேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. மகப்பேறு நலச் சட்டத்தில் வந்த 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 50 பேர் வேலை செய்தாலே காப்பகம் வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம். 21,000 ரூபாய்க்குள் சம்பளம் என்றால் விடுப்புக் காலப் பணத்தை இ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீடே கொடுத்துவிடும். முதலாளிக்கு மாதச் சந்தாவோடு சரி. இதற்கெல்லாம் போய்க் கேடயம் எதற்கு?

ஜப்பானில் 2007 முதல் 'குருமின்' என்று ஒரு அரசு முத்திரை இருக்கிறது. துணியில் சுற்றிய கைக்குழந்தை படம். தகுதி பெற்ற கம்பெனி அதைத் தன் பொருளிலும் ஆள் எடுக்கும் விளம்பரத்திலும் போட்டுக்கொள்ளலாம். அங்கே கணக்கெடுப்பது ஆட்களை. பிள்ளை பெற்ற பெண்களில் 75 சதவீதம் பேராவது குழந்தை வளர்ப்பு விடுப்பு எடுத்திருக்க வேண்டும். அப்பாக்கள் எத்தனை பேர் எடுத்தார்கள் என்றும் கேட்கிறார்கள். (நம் நாட்டில் தனியார் வேலை பார்க்கும் அப்பாவுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது.)

நம் அரசும் அப்படிக் கேட்கட்டும். பிரசவத்துக்குப் போன பெண்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? வந்தவர்களில் ஒரு வருடம் கழித்தும் வேலையில் இருப்பவர்கள் யார் யார்? அதையும் சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்காதபோது, சொல்லாமல் கொள்ளாமல் வந்து கேட்க வேண்டும்.

விருதுக் குழுவில் என்னைப் போல ஒருத்தியையும் சேர்த்தால் நல்லது. காப்பகத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் மோந்துதான் பார்ப்பேன், பால் வாடை அடிக்கிறதா, ஊதுபத்தி வாடை அடிக்கிறதா என்று.

இப்படிக்கு,
முன்னாள் பனியன் கம்பெனித் தொழிலாளி,
திருப்பூர்